மின்வண்டி கட்டுப்படியாகுமா?

பினாங்கில் பெட்ரோல் மலிவு. வேலைக்குப் போய்வர மின்வண்டி வாங்க நினைப்பவர் முதலில் இதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டிலுள்ள உறவுக்காரர் ஓசூரில் செய்த மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டு, மாதம் இவ்வளவு மிச்சம் என்று வாட்ஸ்அப்பில் அடுக்குவார். அவர் சொல்வதில் பொய்யில்லை. அங்கே லிட்டருக்கு நூறு ரூபாய் கொடுத்துப் பழகிப் பல வருடம் ஆகிறது. இங்கேயோ 2025 செப்டம்பர் 30இல் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட்தான். அவர் போட்ட கணக்கை இங்கே கொண்டுவந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

ஆகவே நம் கணக்கை நாமே போட்டுவிடலாம். கொம்தார் பக்கம் குடியிருக்கிறீர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. போக 15 கிலோமீட்டர், வர 15. மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். ஒழுங்காகப் பராமரித்த கப்சாய், அதாவது சிறிய பெட்ரோல் மோட்டார் சைக்கிள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும். ஆக 15 லிட்டர், 30 ரிங்கிட். அதே ஓட்டத்துக்கு ஒரு மின்பைக், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி அளவில் இழுக்கும். மாதத்துக்கு 30 யூனிட். தெனாகா நேஷனல் 2025 ஜூலையில் கொண்டுவந்த கட்டண முறையில் சாதாரண வீட்டுக்கு யூனிட் 44 சென் சொச்சம். மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதிலும் கழிவு உண்டு. கழிவை மறந்துவிட்டாலும் 13 ரிங்கிட்டில் முடிந்துவிடும்.

மிச்சம் 17 ரிங்கிட். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவு, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் என்று கப்சாய்க்கு மட்டும் ஆகிற சில்லறைகளைத் தாராளமாகச் சேர்த்தால் 25 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 300. நீங்கள் பார்த்துவைத்த மின்பைக், அதே வேலையைச் செய்யும் கப்சாயைவிட 3,000 ரிங்கிட் கூடுதல் என்றால், போட்ட பணம் திரும்பிவரப் பத்து வருடம் ஆகும். அதற்கு முன்பே பேட்டரி கை விரித்துவிடும். சாலை வரியிலும் மிச்சம் என்று விற்பனையாளர் சொல்வார். 150 சிசி வரையிலான பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கே தீபகற்பத்தில் வருட வரி 2 ரிங்கிட். அந்த மிச்சத்தில் ஒரு தே தாரிக் குடிக்கலாம்.

இவ்வளவு சொன்னதால் மின்வண்டியே வீண் என்று ஆகிவிடாது. ஓடுகிற கப்சாயை விற்றுவிட்டு மின்பைக் வாங்குவதுதான் வீண். எதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுக்கிறீர்கள், இரவில் எங்கே சார்ஜ் போடப்போகிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் பதில் இருக்கிறது. இரண்டாவதைப் பலர் வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

எந்த வண்டி, எந்தச் சட்டம்

கடையில் ‘எலெக்ட்ரிக் பைக்’ என்று நிற்பவை ஒரே சாதி இல்லை. சட்டத்தின் கண்ணில் அவை மூன்று வகை. இந்த வேறுபாடு புரியாமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.

முதல் வகை மின்சைக்கிள். மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும். காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மோட்டார் 250 வாட்டுக்குள், மோட்டாரின் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும்தான். சிரிம் அமைப்பின் எம்எஸ் 2514 தரநிலை இதற்கென்றே இருக்கிறது. இந்த வரம்புக்குள் இருந்தால் அது சைக்கிள்தான். லைசென்ஸ் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வகையை முதலில் முடித்துவிடலாம். பதிவு எண் உள்ள மின்பைக் அது. சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே, ரகத்துக்கே ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், காப்புறுதி, ஹெல்மெட் எல்லாம் பெட்ரோல் வண்டிக்குப் போலவேதான்.

வம்பு முழுக்க இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பார்க்கச் சைக்கிள்போலவோ குட்டி ஸ்கூட்டர்போலவோ இருக்கும். பெயருக்கு மிதிகட்டை இருக்கும், ஆனால் கைப்பிடியைத் திருகினால் பறக்கும். நம்பர் பிளேட் கிடையாது. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. “லைசென்ஸ் வேண்டாம் பாஸ், ரோட் டெக்ஸ் வேண்டாம்” என்று விற்பவர் சொல்வார். வேண்டாம்தான், ஏனென்றால் அதைச் சாலையில் ஓட்டவே கூடாது. 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த விதிகள் மோப்பெட், மின் ஸ்கூட்டர் போன்ற நுண்நகர்வு வாகனங்களைப் பொதுச்சாலையில் தடைசெய்துவிட்டன. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் அதை வெளிப்படையாக அறிவித்தபோதுதான் பலருக்கும் விஷயம் தெரிந்தது. சாலையோரச் சோதனையில் பிடித்தால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடலாம்.

இந்த நடுவகையில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் யாரென்று பார்த்தால் மனம் சங்கடப்படும். வயதானவர்கள், இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பெர்மிட்டில் வந்து உணவகங்களில் வேலைசெய்யும் பிள்ளைகள். இவர்களுக்கு உள்ளூர் லைசென்ஸ் இல்லை. குடிமக்களுக்கான பெட்ரோல் விலையும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. திட்டம் தொடங்கியபோது மானியமில்லாத விலை 2.60 ரிங்கிட். அவர்கள் கண்ணில் அந்த வண்டி ஒரு நல்ல வழியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அப்படி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், முதல் வகை மின்சைக்கிளைக் காட்டுங்கள். வேகம் குறைவுதான், ஆனால் போலீஸைக் கண்டு சந்தில் திரும்ப வேண்டியதில்லை.

யாருக்கு லாபம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரை சமதளம். ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், குளுகோர், பாயான் பாரு வரை பெரிய ஏற்றம் எதுவும் குறுக்கிடாது. வீட்டிலிருந்து வேலைக்கு 3 முதல் 8 கிலோமீட்டர்வரை, வேலை லெபோ பந்தாய் வங்கியிலோ லிட்டில் இந்தியா கடையிலோ பொது மருத்துவமனையிலோ என்றால், மின்சைக்கிள் அசைக்க முடியாத வண்டி. மெதுவாக மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி போதும். நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் மின்சாரச் செலவு ஒரு ரிங்கிட்டைத் தொடாது. அதைவிட முக்கியம், நகருக்குள் பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்ற வேண்டாம். காலை எட்டு மணிக்கு மெக்கலம் தெருவில் நகராமல் நிற்கும் கார் வரிசையைப் பார்த்தவருக்கு 25 கிலோமீட்டர் வேகம் குறைவாகத் தோன்றாது. மிதிப்பதால் வியர்க்குமே என்பார்கள். வியர்க்கும். இந்த ஊரில் பஸ் நிறுத்தத்தில் சும்மா நின்றாலும் வியர்க்கும். மோட்டார் உதவியை ஒரு படி கூட்டி வைத்துக்கொண்டு, மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு வேறு. பினாங்குப் பாலத்தில் கார் ஒருமுறை தீவுக்கு வர 5.74 ரிங்கிட் டோல். 25 நாளைக்கு 143 ரிங்கிட்டைத் தாண்டும். பெட்ரோலும் பார்க்கிங்கும் தனி. மோட்டார் சைக்கிளுக்கோ 2019 ஜனவரி 1 முதல் இரண்டு பாலத்திலும் டோல் கிடையாது. சைக்கிளுக்குப் பாலத்தில் இடமே இல்லை, மின்சைக்கிளுக்கும் அதே விதிதான். அதற்கு ஃபெரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய ஃபெரிகள் கார் ஏற்றுவதில்லை. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும்தான். பழைய ஃபெரியின் அழகு போய்விட்டதே என்று வருந்துகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் சைக்கிளோடு ஏறி, வெல்ட் கீயில் இறங்கி, பத்து நிமிடத்துக்குள் அலுவலக வாசலில் நிற்க வேண்டியவருக்கு இப்போதைய ஏற்பாடு சௌகரியம்தான். வீடு பட்டர்வொர்த் துறைக்கு அருகில், வேலை பழைய நகருக்குள் என்றால், மின்சைக்கிளும் ஃபெரியும் சேர்ந்த பயணத்தைப் பணத்திலும் நிம்மதியிலும் மிஞ்ச வேறில்லை.

குடும்பத்துக்கு இரண்டாவது கார் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஒன்பது வருடத் தவணை, காப்புறுதி, டயர், பார்க்கிங் என்று ஒரு காரின் மாதச் செலவோடு ஒப்பிட்டால், நல்ல மின்பைக் ஒன்று ஒரே வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடக்கூடும். புதுக் கப்சாயும் அதே மிச்சத்தைத் தரும் என்பதை மறைக்கமாட்டேன். அங்கே மின்பைக்கின் பக்கம் நிற்பவை சத்தமின்மையும் புகையின்மையும், கிக் உதைத்து மல்லாடாமல் கிளம்பும் சுகமும். இவை பிடித்திருந்தால் வாங்குங்கள், பணம் மிச்சம் என்ற பெயரில் வாங்காதீர்கள்.

லாபமில்லாதவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பஸ் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும் தொழிற்சாலை ஊழியர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்து விடிகாலையில் வருகிறவர் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு சக்கரத்தில் வருவதைவிட அந்த பஸ்ஸில் கண்ணயர்வது நல்லது. பாலிக் புலாவிலிருந்து மலைதாண்டி வருபவர்களும் அவசரப்படக் கூடாது. காகிதத்தில் 70 கிலோமீட்டர் என்று போட்ட வண்டி, அந்த ஏற்றத்தில் பின்னால் ஓர் ஆளையும் சுமந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல் எட்டாத மின் ஸ்கூட்டரோடு 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் தினமும் ஏறுவதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பக்கக்காற்று ஒருபுறம், பின்னால் லாரி மறுபுறம். இந்நாட்டுச் சாலைகளில் உயிர்விடுகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

எங்கே சார்ஜ் போடுவது?

தரைவீட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். முன் தாழ்வாரத்தில் மூன்று ஊசிச் சாக்கெட் ஒன்று, மேலே கூரை, அவ்வளவுதான்.

ஆனால் தீவில் பெரும்பாலோர் அடுக்குமாடியில் இருக்கிறோம். கீழே மோட்டார் நிறுத்துமிடத்தில் பிளக் இருக்காது. பொது விளக்குக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் அது திருட்டு. மேலிருந்து நீட்டு வயர் விடுவதைக் கற்பனையில்கூட வேண்டாம். அப்படியானால் பேட்டரி மேலே வந்தாக வேண்டும். கழற்ற முடியாத பேட்டரி உள்ள வண்டி உங்களுக்கு ஆகாது, விலை எவ்வளவு இறங்கினாலும் ஆகாது. கழற்ற முடியும் என்றாலும் எடையைத் தூக்கிப் பாருங்கள். மின்சைக்கிளின் பேட்டரி மூன்று நான்கு கிலோ, தோள்பையில் போய்விடும். மின்பைக்கின் கதை அப்படியில்லை. ஹோண்டாவின் கழற்றி மாட்டும் பேட்டரிப் பெட்டி ஒன்றே பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். அவர்களுடைய சியுவி ஈ ஸ்கூட்டருக்கு அதில் இரண்டு வேண்டும். பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. லிஃப்ட் பழுதான நாளில் இரண்டு கையிலும் பத்துப் பத்துக் கிலோவோடு படியேறுவீர்களா என்று உங்கள் முழங்காலைக் கேளுங்கள்.

கீழேயே சார்ஜ் வசதி வேண்டுமென்றால் கட்டட நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கேட்க வேண்டும். தனி மீட்டர், தனி பிரேக்கர், செலவை யார் ஏற்பது என்று மூன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் குழுவும் காதுகொடுக்கும். தனியாள் போனால் ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். இன்னொரு வழி, வேலையிடத்தில் சார்ஜ் போடுவது. முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள், மின்சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு ஆகும் மின்சாரம் சில சென்தான்.

பேட்டரி மாற்றும் நிலையங்களை நம்பி விற்கப்படும் வண்டிகளும் உண்டு. தீர்ந்த பேட்டரியைப் பெட்டியில் செருகி நிரம்பியதை எடுத்துக்கொண்டு போகலாம், வீட்டில் பிளக்கே தேவையில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பேட்டரி உங்களுடையதல்ல, மாதச் சந்தா கட்ட வேண்டும், நிலையம் நடத்தும் கம்பெனி மூடிவிட்டால் உங்களிடம் எஞ்சுவது நகராத இரும்பு. உங்கள் வீட்டிலிருந்து வேலைவரை உள்ள வழியில் குறைந்தது இரண்டு நிலையமாவது இன்றைக்கு, வரப்போகிறது என்ற வாக்குறுதியாக அல்லாமல், ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தீயைப் பற்றி மெல்லப் பேசிப் பயனில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் அடுத்தடுத்து நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகே இந்திய அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் மாண்டார்கள். அங்கே ஆபத்தின் மையமாக இருந்தவை மலிவு பேட்டரிகளும், ஒட்டுப்போட்டுச் சரிசெய்த பழைய பேட்டரிகளும், வண்டிக்குப் பொருந்தாத சார்ஜர்களும்தான். வாசலருகே ஒரு பேட்டரி எரியத் தொடங்கினால் வெளியேறும் வழியை அடைத்துவிடும். அடுக்குமாடி வீட்டில் பெரும்பாலும் வேறு வழி இருக்காது. ஆகவே வாசலருகே சார்ஜ் போடாதீர்கள், மெத்தை சோபா பக்கத்தில் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறெதையும் செருகாதீர்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு, மாலையில் வந்ததும் அரைமணி ஆறவிட்டுப் போட்டால் தூங்கப்போகுமுன் எடுத்துவிடலாம். கீழே விழுந்து உள்வாங்கிய பேட்டரி, உப்பிய பேட்டரி, வெள்ளத்தில் முழுகிய பேட்டரி எதுவானாலும் வீட்டுக்குள் வரக் கூடாது.

மழையும் உப்புக்காற்றும்

மழையில் ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டலாம். தேங்கிய நீரில் இறக்குவதுதான் வேறு விஷயம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையை இந்தத் தீவில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அது விதிவிலக்கு என்றாலும், பி. ரம்லி சாலைப் பக்கம் தண்ணீர் ஏறுவதற்கு அவ்வளவு பெரிய மழை தேவையில்லை. செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை அதிகமாகப் பெய்யும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐபி67 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் சக்கரத்தின் அச்சு முழுகும் ஆழத்தில் இறங்காதீர்கள். அந்தக் குறியீடு புதுசாக இருக்கும்போது, அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனைக்கானது. நம் சாலை வெள்ளத்தில் சாக்கடையும் மண்ணும் கலந்திருக்கும், ரப்பர் வளையங்களுக்கும் வயதாகும்.

மழையைவிடச் சத்தமில்லாமல் வேலையைக் காட்டுவது கடற்காற்று. தஞ்சோங் தோக்கோங்கிலோ வெல்ட் கீயிலோ வெளியில் நிறுத்தும் வண்டியின் மின்முனைகளில் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, மின்முனைக்கான கிரீஸ் தடவினால் போதும். வெயிலும் பேட்டரிக்குப் பகை. மத்தியானம் முழுவதும் காய்ந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். தினசரி ஓட்டத்துக்குத் தேவையான அளவுதான் ஏற்ற வேண்டும், எப்போதும் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

வாங்கப் போகும்போது

வணிகர் லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தது இந்த ஊரிலிருந்துதான். அறுபது வருடத்துக்கு மேலாக இங்கே கப்சாய் ஓடுகிறது. ஜெலுத்தோங்கில் எந்த மூலைப் பட்டறையில் விட்டாலும் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும், உதிரிப்பாகம் அடுத்த தெருவில் கிடைக்கும். மின்பைக்குக்கு அப்படிப்பட்ட பட்டறைகள் இன்னும் முளைக்கவில்லை. கண்ட்ரோலர் போனால் விற்ற கடையிடமே போக வேண்டும், கடை கோலாலம்பூரில் இருந்தால் வாரக்கணக்கில் நடக்க வேண்டும். தீவிலேயோ செபராங் பிறையிலேயோ சர்வீஸ் நிலையம் இல்லாத பிராண்டை வாங்காதீர்கள். 2024 பட்ஜெட்டில், வருட வருமானம் 120,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவர்களுக்கு, உள்நாட்டில் பொருத்திய மின்பைக்குக்கு 2,400 ரிங்கிட் வரை கழிவு அறிவித்தார்கள். அதற்கு ஒதுக்கிய தொகைக்கு எல்லை உண்டு. கழிவை நம்பி விலையைக் கணக்கிடுமுன், நீங்கள் பணம் கட்டும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மின்சைக்கிள் என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. பத்தால் வகுத்தால் 36 கிலோமீட்டர். விளம்பரத்தில் 80 என்று போட்டிருந்தால் யார் மிதித்தார்கள், எங்கே மிதித்தார்கள் என்று கேளுங்கள். வண்டியைத் தூக்கியும் பாருங்கள். 20, 25 கிலோ இருக்கும், கடைவீட்டு மாடிப்படியில் அதை ஏற்ற வேண்டியவர் நீங்கள். காப்புறுதி இல்லாத வண்டி என்பதால் பூட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். அஞ்சடியில் பகலெல்லாம் நிற்கப்போகும் சைக்கிளுக்கு நூறு ரிங்கிட் பூட்டு அதிகமில்லை, பேட்டரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கக் கடைத்தெருவில் ஒரு சுற்று போதாது. நீங்கள் வேலைக்குப் போகும் அதே வழியில், அதே நேரத்தில் ஓட்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுனில் சைக்கிள் தடம் என்று வண்ணம் பூசிய இடத்தில் எத்தனை கார் நிற்கிறது, மழைநீர்க் கால்வாய் எங்கே மூடியில்லாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முத்தியாரா எல்ஆர்டி பாதையின் வேலை 2025இல் தொடங்கியிருக்கிறது, 2031இல்தான் முடியும் என்கிறார்கள். அதுவரை தோண்டுகிற சாலைகளும் உங்கள் வழியில் வரும்.

கடைசியாக பேட்டரி உத்தரவாதத்தைப் படியுங்கள். எத்தனை வருடம் என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், புது பேட்டரியின் இன்றைய விலை என்ன, மூன்று வருடம் கழித்தும் அதே அளவுப் பேட்டரி கிடைக்குமா என்ற மூன்றுக்கும் ரசீதில் பதில் எழுதித் தராத கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.